யாருக்கு, எப்போது தெரிந்தது?

உடல் எடையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட மருந்துகளுக்குத் தொண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. புதிய மருந்து வருகிறது, எடை உண்மையாகவே குறைகிறது, லட்சக்கணக்கானோர் வாங்குகிறார்கள், சில ஆண்டுகளில் கண்ணோ நுரையீரலோ இதயமோ பழுதானவர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்குகிறார்கள், மருந்து விலக்கப்படுகிறது, வழக்குகள் பிறக்கின்றன. இந்த வழக்குகளைப் பெரும்பாலும் பணத்தின் கதையாகவே நாம் படித்திருக்கிறோம். எத்தனை கோடி டாலர் இழப்பீடு, எந்த நிறுவனம் கொடுத்தது என்பதோடு செய்தி முடிந்துவிடும். இழப்பீட்டைவிடப் பெரிய வேலை ஒன்றை இவ்வழக்குகள் செய்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். மருந்தின் கேடு யாருக்கு, எப்போது தெரிந்தது, தெரிந்தபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கும் கடிதங்களும் கோப்புகளும் நிறுவனங்களின் அலமாரியில் இருப்பவை. மருத்துவ ஆய்வுக்கு அவை கிடைப்பதில்லை. கண்காணிப்பு அதிகாரிகளுக்கு நிறுவனம் கொடுத்ததே கிடைக்கிறது. அவற்றை எடுத்து வை என்று ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. அந்த அதிகாரம் செயல்பட்ட இடத்துக்கும் செயல்படாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை உயிர்க்கணக்கில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் எட்டாத காலத்திலிருந்து தொடங்கலாம். முதல் உலகப் போரின்போது பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனாலைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், உடல் கொதித்து வியர்வையில் நனைந்தார்கள், சிலர் இறந்தார்கள். உணவிலிருந்து உடல் எடுக்கும் ஆற்றல் வேலைக்குப் பயன்படாமல் வெறும் வெப்பமாக வெளியேறும்படி அந்த வேதிப்பொருள் செய்தது. 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் டெய்ன்டரும் விண்ட்சர் கட்டிங்கும் அதே பொருளை எடை குறைக்கப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டுக்குள் குறைந்தது ஒரு லட்சம் அமெரிக்கர்கள் அதை உட்கொண்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே மதிப்பிட்டார். 1935 முதல் இளம்பெண்களுக்குக் கண்புரை வருவதாகக் கண் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அன்றைய 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோயைத் தீர்க்கும் பொருள்தான் மருந்து. உடல் பருமன் நோயாகக் கருதப்படாததால், எடை குறைக்கும் பொருள் சட்டத்தின் கண்ணில் மருந்தே அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தால் மக்களை எச்சரிக்க முடிந்தது. விற்பனையைத் தடுக்க முடியவில்லை. 1937இல் சல்ஃபனிலமைடு என்ற வேறொரு மருந்தின் திரவ வடிவம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் 1938இன் புதிய சட்டம் நிறைவேறியது. டைநைட்ரோஃபீனால் சந்தையிலிருந்து அகன்றது அதன் பின்னரே.

அந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் உருவான விதத்தில் இந்த வாதத்துக்கு முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. 1933இல் கொண்டுவரப்பட்ட முதல் மசோதாவில், மருந்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கலாம் என்ற பிரிவு இருந்தது. மாநிலங்களின் பொதுச் சட்டத்தில் அந்த உரிமை ஏற்கெனவே உண்டு, தனியாக எழுதத் தேவையில்லை என்று சாட்சியம் சொல்லப்பட்டது. இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. அரசின் கண்காணிப்பும் பாதிக்கப்பட்டவரின் வழக்கும் ஒன்றையொன்று விலக்குபவை என்று சட்டம் இயற்றியவர்கள் நினைக்கவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2009இல், வயெத் நிறுவனத்துக்கு எதிரான லெவின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றை எடுத்துக்காட்டியது. மருந்தைப் பற்றிய தகவல் எவரையும்விடத் தயாரிப்பாளரிடமே அதிகம் இருக்கிறது. வழக்குகள் அதுவரை வெளிவராத ஆபத்துகளை வெளிக்கொணர்கின்றன என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அது குமட்டலுக்கான ஊசிமருந்து தொடர்பான வழக்கு. ஆனால் வயெத், எடைக்குறைப்பு மருந்து வழக்குகளில் அதற்கு முன்பே பல ஆண்டுகள் பிரதிவாதியாக நின்ற நிறுவனம்.

அந்த வழக்குகளுக்கு முன்னோடியான ஒரு பேரிடர் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. 1965இல் ஸ்விட்சர்லாந்தில் அமினோரெக்ஸ் என்ற பசி அடக்கும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரியாவிலும் மேற்கு ஜெர்மனியிலும் பரவியது. ஓரிரு ஆண்டுகளில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் தடித்து அழுத்தம் ஏறும் அரிய நோய் அந்த மூன்று நாடுகளில் பன்மடங்கு பெருகியது. ஒரு ஸ்விஸ் மருத்துவமனை அதன் எண்ணிக்கை இருபது மடங்கு உயர்ந்ததாகப் பதிந்தது. மூச்சு வாங்குவதில் தொடங்கும் அந்த நோய்க்கு அன்று மருந்து கிடையாது. வலது இதயம் மெல்லத் தோற்றுப்போகும். 1968இல் அமினோரெக்ஸ் விலக்கப்பட்டது. இந்த அனுபவத்தின் தூண்டுதலால் உலக சுகாதார நிறுவனம் 1973இல் ஜெனீவாவில் அந்த நோய் பற்றிய வல்லுநர் கூட்டத்தைக் கூட்டியது. அதே 1973இல்தான், பிரான்ஸின் செர்வியே நிறுவனம் உருவாக்கிய ஃபென்ஃப்ளூரமைன் என்ற மற்றொரு பசி அடக்கும் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. பசி அடக்கும் மருந்து நுரையீரல் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்ற அறிவு மருத்துவ இதழ்களில் இருந்தது. அடுத்த மருந்தை விற்பவர் அந்த அறிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இருக்கவில்லை.

ஃபென்ஃப்ளூரமைன் முதல் இருபது ஆண்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1992இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய்ன்ட்ராப், அதை ஃபென்டெர்மைன் என்ற பழைய மருந்தோடு சேர்த்து 121 பேரிடம் நடத்திய நீண்ட ஆய்வை வெளியிட்டார். அந்தக் கூட்டுக்கு அரசு அனுமதி எப்போதும் கிடைக்கவில்லை. ஆனால் தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளை ஒரு மருத்துவர் சேர்த்து எழுதுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ‘ஃபென்-ஃபென்’ என்ற பெயரில் அதற்கென்றே மருத்துவ நிலையங்கள் முளைத்தன. 1996இல் மட்டும் 1.8 கோடி மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரலில் அதன் நெருங்கிய உறவான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமைன், ரெடக்ஸ் என்ற பெயரில் அனுமதி பெற்றது. நான்கு மாதங்களில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐரோப்பிய ஆய்வொன்று வந்தது: இவ்வகை மருந்துகளை மூன்று மாதத்துக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் குழாய் அழுத்த நோய் வரும் வாய்ப்பு இருபது மடங்குக்கும் அதிகம். மருந்தின் பயன் ஆபத்தைவிடப் பெரிது என்று அதே இதழில் தலையங்கக் கட்டுரை எழுதிய இருவரும் அம்மருந்தோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கியவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. விற்பனை தொடர்ந்தது. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில், எக்கோ பரிசோதனை செய்யும் ஊழியர் ஒருவர், இளவயதுப் பெண்களின் இதய வால்வுகள் வினோதமாகத் தடித்திருப்பதையும் அவர்கள் எல்லோரும் இந்த மாத்திரையை உட்கொண்டவர்கள் என்பதையும் கவனித்தார். மேயோ மருத்துவ நிலையத்தோடு சேர்ந்து 24 பெண்களின் விவரம் 1997 ஜூலையில் வெளியானது. செப்டம்பர் 15 அன்று ஃபென்ஃப்ளூரமைன், டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமைன் இரண்டும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன.

விற்பனை நின்றதோடு விஷயம் முடியவில்லை. கேட்க வேண்டியவை அப்போதுதான் கேட்கப்பட்டன. 1999 ஆகஸ்டில் டெக்சாஸில் ஒரு ஜூரி, பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 2.3 கோடி டாலருக்கும் மேல் வழங்கச் சொன்னது. இரண்டு மாதங்களில், அம்மருந்துகளை அமெரிக்காவில் விற்ற அமெரிக்கன் ஹோம் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் நாடு தழுவிய சமரசமாக 375 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஃபிலடெல்ஃபியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2000இல் அதை ஏற்றது. 2002இல் வயெத் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் இவ்வழக்குகளுக்காக ஒதுக்கிய மொத்தத் தொகை ஏறக்குறைய 2,100 கோடி டாலரை எட்டியது. இந்த எண்களுக்குப் பின்னால் நடந்ததுதான் முக்கியம். வாதிகளின் வழக்கறிஞர்கள் கேட்டதன் பேரில் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. நிறுவனத்துக்கு வந்துசேர்ந்த பாதிப்பு அறிக்கைகளின் எண்ணிக்கைக்கும் மருந்தோடு தரப்பட்ட குறிப்பில் இருந்த எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை என்பது வழக்குகளின் மையக் குற்றச்சாட்டாக நின்றது. உடல் பருமனுக்கு மருந்து தருவதை ஆதரிக்கும் மருத்துவக் கட்டுரைகளை ஒரு தொழில்முறை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தயாரிக்கச் செய்து, பேராசிரியர்களின் பெயரில் வெளியிட ஏற்பாடு செய்ததைக் காட்டும் தாள்களும் அவற்றில் இருந்தன. இவற்றில் எதையும் எக்கோ கருவியால் கண்டுபிடிக்க முடியாது. வால்வு கெட்டிருக்கிறது என்று மருத்துவம் சொன்னது; மருத்துவருக்கு அந்த ஆபத்து ஏன் தெரியாமல் இருந்தது என்பதை வழக்கு சொன்னது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, அந்தச் சமரசமே முறைகேடுகளின் களமாகியது என்பது. மறுக்க முடியாத உண்மை அது. விடுதி அறைகளில் வரிசையாக எக்கோ எடுத்து, பாதிப்பு இல்லாதவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் காட்டும் வேலை நடந்தது. வழக்கை மேற்பார்வை செய்த நீதிபதி ஹார்வி பார்ட்டில், 2002இல் ஏராளமான கோரிக்கைகளுக்கு நியாயமான மருத்துவ அடிப்படை இல்லை என்று கண்டு, கோரிக்கைகளை முழுத் தணிக்கைக்கு உட்படுத்தச் செய்தார். கென்டக்கி மாநிலத்தில் 440 பேருக்காகப் பெறப்பட்ட 20 கோடி டாலரில் பெரும்பங்கைத் தமக்கே எடுத்துக்கொண்ட வழக்கறிஞர்களில் இருவர் 2009இல் தண்டிக்கப்பட்டு, ஒருவருக்கு 25 ஆண்டும் மற்றவருக்கு 20 ஆண்டும் சிறை கிடைத்தது. நோயுற்றவர்களின் பெயரால் வந்த பணத்தைத் திருடுவதைவிட இழிந்த செயல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஆனால் இந்த உண்மைகள் எதை நிரூபிக்கின்றன? இழப்பீட்டைப் பங்கிடும் முறை பழுதானது என்பதை. பொய்க் கோரிக்கையால் முதலில் நஷ்டப்பட்டவர்கள் உண்மையாக வால்வு கெட்டவர்களே. தணிக்கையின் தாமதமும் சந்தேகமும் அவர்கள் தலையில் விழுந்தன. வெளிவந்த ஆவணங்களின் உண்மையை இந்த மோசடிகள் ஒரு சொல் அளவுக்கும் குறைக்கவில்லை. மோசடியைப் பிடித்ததும் நீதிமன்றமே.

ஃபென்ஃப்ளூரமைனின் நெருங்கிய உறவான ஒரு மருந்து பிரான்ஸில் கடந்துவந்த பாதை இந்த வாதத்தின் மிக வலுவான சான்று. செர்வியே நிறுவனம் 1976 முதல் பென்ஃப்ளூரெக்ஸ் என்ற மருந்தை ‘மீடியேட்டர்’ என்ற பெயரில் நீரிழிவு, ரத்தக் கொழுப்பு உள்ளவர்களுக்கான துணைமருந்தாக விற்றது. மெலிய விரும்பியவர்களுக்கும் மருத்துவர்கள் அதைப் பரவலாக எழுதிக்கொடுத்தார்கள். உடலுக்குள் சென்றதும் அது நார்ஃபென்ஃப்ளூரமைன் என்ற பொருளாக மாறுகிறது. ஃபென்ஃப்ளூரமைன் உடலில் மாறுவதும் அதே பொருளாகத்தான். 1997இல் ஃபென்ஃப்ளூரமைன் பிரான்ஸிலும் விலக்கப்பட்டது. மீடியேட்டர் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கடைகளில் இருந்தது. 1999இல் மார்செய் நகரத்து இதய மருத்துவர் ஒருவர் வால்வு பாதிப்பை அறிவித்தும் அசைவில்லை. ப்ரெஸ்ட் நகர மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஈரேன் ஃப்ராஷோன் நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்த பிறகு, 2009 நவம்பரில்தான் மருந்து விலக்கப்பட்டது. அதற்குள் சுமார் 50 லட்சம் பேர் அதை உட்கொண்டிருந்தார்கள். நீண்டகாலக் கணக்கில் இறப்புகள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடும் என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். 2010இல் ஃப்ராஷோன் எழுதிய நூலின் அட்டையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்ட துணைத்தலைப்பை நீக்கும்படி நிறுவனம் நீதிமன்ற ஆணை பெற்றது. மேல்முறையீட்டில்தான் அந்தக் கேள்வி நூலுக்குத் திரும்பியது.

அட்லாண்டிக்கின் ஒரு கரையில் 1997க்குப் பின் ஆயிரக்கணக்கான வழக்குகள் ஒரே மருந்தின் கோப்புகளைக் குடைந்துகொண்டிருந்தன. மறுகரையில், மருத்துவப் பாதிப்புக்குக் கூட்டாக வழக்குத் தொடுக்கும் வழி 2016 வரை பிரான்ஸின் சட்டத்திலேயே இல்லை. அந்த வேறுபாடு மட்டுமே பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வது மிகை. மீடியேட்டரை நீரிழிவு மருந்தாக வகைப்படுத்தியதும், கண்காணிக்க வேண்டிய அமைப்பு செயலற்றிருந்ததும் பெரிய காரணங்கள். ஆனால் தன் மருந்து எதுவாக மாறுகிறது என்று நிறுவனத்தைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் கேட்கும் ஒரு மேடை 1997இலேயே இருந்திருந்தால், வகைப்பாட்டின் மறைவில் இத்தனை காலம் நின்றிருப்பது கடினம். அந்த மேடை 2019 செப்டம்பரில் பாரிஸ் குற்றவியல் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஆபத்தை முன்பே அறியவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2021 மார்ச் 29 அன்று வந்த தீர்ப்பு, ஆபத்து தெரிந்தும் பல ஆண்டுகள் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கண்டு, ஏமாற்றுதல், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் ஆகிய குற்றங்களுக்காக 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. மருந்துக் கண்காணிப்பு அமைப்பும் தண்டிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் கூட்டி, மருத்துவக் காப்பீட்டு அமைப்புகளுக்கு 41 கோடி யூரோவுக்கும் மேல் திருப்பித் தரச் சொன்னது. நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய ஜாக் செர்வியே 2014இலேயே இறந்துவிட்டார். அவர் இல்லாமலேயே விசாரணை நடந்தது. தாமதமான நீதியின் விலை அது.

மருந்து கெடுதலா என்பதை அறிவியல் தீர்மானிக்கட்டும், ஜூரிகள் தீர்மானிக்கக் கூடாது என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி சரி என்பதை சிபுட்ராமைன் காட்டுகிறது. 1997இல் அமெரிக்காவில் மெரிடியா என்ற பெயரில் வந்த அந்த மருந்துக்கு எதிரான வழக்குகளை ஒஹாயோவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்தது. ரத்த அழுத்தம் ஏறும் என்ற எச்சரிக்கை குறிப்பில் இருந்தது. 2006இல் மேல்முறையீடும் தோற்றது. பின்னர், ஐரோப்பிய அதிகாரிகள் கேட்டதால் ஏறக்குறைய பத்தாயிரம் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 10 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேர்ந்தது தெரிந்து, 2010இல் மருந்து விலக்கப்பட்டது. இத்தனை நுண்ணிய வேறுபாட்டை எந்த நீதிமன்றமும் கண்டுபிடித்திருக்காது. புதிய அறிவைப் படைப்பது ஆய்வின் வேலை. இருக்கும் அறிவு மறைக்கப்பட்டால் அதை வெளிக்கொணர்வது வழக்கின் வேலை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. வழக்குக்குப் பயந்து நல்ல மருந்துகள் வராமல் போகும் என்ற அச்சத்துக்கும் இதே வரலாற்றில் பதில் உண்டு. இத்தனை வழக்குகளைக் கண்ட அதே ஃபென்ஃப்ளூரமைன், குழந்தைகளைத் தாக்கும் ட்ராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்புக்கு மருந்தாக 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது. தொடங்கும் முன் எக்கோ, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. ஆபத்து முழுதாகத் தெரிந்த மருந்தைக் கவனத்தோடு பயன்படுத்த முடிகிறது.

அழகுக்காக விழுங்கினார்கள், விளைவை ஏற்க வேண்டியதுதான் என்ற பேச்சு இன்னும் நிற்கிறது. மருத்துவரின் சீட்டோடு மருந்து வாங்கியவர், அந்தச் சீட்டுக்குப் பின்னால் தகவல் இருக்கிறது என்று நம்பித்தான் வாங்குகிறார். தெரியாத ஆபத்துக்குச் சம்மதம் தர முடியாது. இந்தப் பேச்சுக்கு வேறொரு கெடுதலும் உண்டு. பருமனாக இருப்பதே தன் குற்றம் என்று சமூகம் கற்பித்த ஒருவர், மாத்திரையால் மூச்சு வாங்கும்போதும் தன்னையே நொந்துகொள்கிறார். மருத்துவரும் பருமனால் வந்த இளைப்பு என்று அனுப்பிவிடுகிறார். எடைக்குறைப்பு மருந்துகளின் கேடு இத்தனை தாமதமாக வெளிப்பட்டதில் இந்த வெட்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உங்களைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லும் வழக்கு அந்த வெட்கத்தை உடைக்கிறது.

இன்று இதே கேள்வி எடை குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளைச் சுற்றி எழுந்திருக்கிறது. இவற்றைப் பழைய மாத்திரைகளோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. 2023இல் வெளியான, 17,604 பேர் பங்கேற்ற ஆய்வில், இதயநோயும் அதிக எடையும் கொண்டவர்களிடம் செமாக்ளூடைடு பெரும் இதய நிகழ்வுகளை 20 சதவீதம் குறைத்தது. முந்தைய தலைமுறை மருந்துகளிடம் இத்தகைய சான்று இருந்ததில்லை. அதே 2023இல், இரைப்பை இயக்கம் முடங்கியதற்குப் போதிய எச்சரிக்கை தரவில்லை என்று முதல் வழக்கு லூசியானாவில் தொடுக்கப்பட்டது. போதிய எச்சரிக்கை தந்திருக்கிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். 2024இல் வழக்குகள் ஒன்றுசேர்க்கப்பட்டது, ஃபென்-ஃபென் வழக்குகளைக் கண்ட அதே ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில். விடுதி அறை எக்கோக்களின் பாடத்தை அந்த நீதிமன்றம் மறக்கவில்லை. இரைப்பை முடக்கம் என்று கோருபவர் அதற்குரிய பரிசோதனையால் அதை நிறுவ வேண்டும் என்று 2025இல் தீர்ப்பளித்தது. பார்வை நரம்பைத் தாக்கும் ஓர் அரிய பாதிப்பைச் செமாக்ளூடைடின் மிக அரிதான பக்க விளைவாக, பத்தாயிரத்தில் ஒருவர் வரை நேரக்கூடியதாக, ஐரோப்பிய மருந்து அமைப்பின் குழு அதே ஆண்டில் ஏற்றது. 2025 முதல் இந்த ஊசிகள் எடைக்குறைப்புக்காக இந்தியாவிலும் விற்கப்படுகின்றன. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆகவே இந்த வரலாறு நமக்கு அயலானதல்ல.

இவ்வழக்குகள் எப்படி முடியும் என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது எவருக்கும் அழகல்ல. அவற்றை எந்த அளவுகோலால் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இந்த வரலாறு கற்றுத்தருகிறது. வாதி வென்றாரா, எவ்வளவு வாங்கினார் என்பதோடு நின்றுவிடாமல், எந்தத் தகவல் பொதுப் பதிவுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். ஆவணங்களை முத்திரையிட்டு மூடும் நிபந்தனையோடு எட்டப்படும் சமரசம், இன்றைய நோயாளிக்குப் பணம் தந்து, நாளைய நோயாளியிடமிருந்து அறிவைப் பறிக்கிறது. பாதிப்பு அறிக்கைகள் வந்த தேதியோடு மருத்துவர்களுக்குக் கிடைக்க வேண்டும். பெருந்தொகையினர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மருந்துக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வு நிபந்தனையாக வேண்டும். இழப்பீட்டுச் சமரசங்களில் ஆவணங்களை மறைக்கும் பிரிவுகளை நீதிபதிகள் ஏற்கக் கூடாது. இவை நடைமுறையானால், கேடு நடந்து முடிந்தபின் நீதிமன்றம் கோப்புகளைத் தோண்டியெடுக்க வேண்டிய தேவை குறையும். நடைமுறையாகும் வரை, பாதிக்கப்பட்டவரின் வழக்குரிமையைப் பேராசை என்று ஒதுக்குவது, மருந்தை நம்பி உடலை ஒப்புக்கொடுத்தவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதி.